பத்தாவது பெயர்

பொம்மன்பட்டி யூனியன் பள்ளிக்கூடத்தில் செங்கம்மாளுக்கு டீச்சர் வேலை கிடைத்ததே ஓர் எண்ணிக்கையால்தான். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு வேறு தாய்மொழி இருந்தால் அந்த மொழிக்கென்று ஒரு வாத்தியாரைப் போடலாம் என்பது சர்க்கார் உத்தரவு. கறம்பக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படி ஒரு உத்தரவு இருப்பதே யாருக்கும் தெரியாது. பொம்மன்பட்டிக்காரர்களுக்கு மட்டும் அது மனப்பாடம். ஏனென்றால் அங்கே கம்பளத்துத் தெருவில் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இரண்டாம் வகுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போலப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

முதலில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரைப் போட்டார்கள். தங்கமான மனிதர். ஆனால் அவர் பேசிய தெலுங்கு பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் பேசியது தெலுங்குதானா என்று அவருக்குச் சந்தேகம். மூன்றாம் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். யூனியன் கூட்டத்தில் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில், இனி வெளியூர் ஆளே வேண்டாம், அந்தத் தெருவில் பிறந்த ஆளைப் போட்டால்தான் நிலைக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தெருவில் பிறந்து, டிரெயினிங் முடித்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் அப்போது மணப்பாறைப் பக்கம் மாமனார் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

செங்கம்மாள் கல்யாணத்துக்கு முன்பே புதுக்கோட்டையில் தங்கிப் படித்தவள். புருஷன் இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு ஆறு வருஷம், மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே அவள் காலம் ஓடியது. மாமனார் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், "ஏய்" என்பார். யூனியன் ஆர்டர் வந்த அன்று அவள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அதன் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். முப்பது வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் சாவி. அந்த வேலை போனால் சாவியும் போகும், அவள் திரும்பி அந்தக் கொட்டகைக்கே போக வேண்டியதுதான். வேறு போக்கிடம் கிடையாது.

பள்ளிக்கூடம் என்பது நீளமாக ஒரே கூடம். ஒரு பாதியில் தலைமை ஆசிரியர் இன்னாசி தமிழ்ப் பிள்ளைகளை வைத்திருந்தார். மறு பாதி செங்கம்மாளுக்கு. காலையில் இன்னாசி பெயர் கூப்பிட்டால் அங்கே பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்பார்கள். அவர் முடித்த பிறகு செங்கம்மாள் கூப்பிடுவாள், இங்கே "உன்னானு" என்று பதில் வரும். இருக்கிறேன் என்று அர்த்தம். தெருவில் அத்தை முறை வைத்துக் கூப்பிடுகிற பிள்ளைகள்தான் எல்லாம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் டீச்சர் என்று மாற்றிக்கொள்ளும்.

ரிஜிஸ்டரில் பத்தாவது பெயர் பொம்மக்கா. செங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கெங்கையன் மகள். கடைசியாகச் சேர்ந்ததால் கடைசிப் பெயர். தன் முறை வருவதற்குள் அவளுக்குப் பொறுக்காது. ஒன்பதாவது பெயருக்கே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள். பெயர் விழுந்ததும் "உன்னானூ" என்று வாலை நீட்டிச் சொல்வாள். அதைக் கேட்டால் தமிழ்ப் பக்கத்துப் பிள்ளைகளும் சிரிக்கும்.

ஆவணி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். நான்காம் நாள் ஓடைக்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். செங்கம்மாளும் அங்கேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் அவள் சிவப்பு மை பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது இன்னாசி பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், ஆனால் எதையும் பூசி மெழுகத் தெரிந்த மனிதர். மாசக் கடைசியில் பிள்ளைகள் எண்ணிக்கையை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்கு வாத்தியார்களை ஒதுக்குவார்கள், இப்போது போய் ஒன்பது என்று எழுதினால் உன் வேலையும் போகும், இந்தப் பிள்ளைகளின் தெலுங்கும் போகும் என்று எடுத்துச் சொன்னார். பெயரைக் கூப்பிட வேண்டாம், வந்ததாகக் கோடு மட்டும் போட்டுக்கொண்டு வா, கணக்கு முடிந்ததும் அடித்துவிடலாம் என்றார். செங்கம்மாள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான் செய்ய நினைத்தாள், சத்தியமாக. ஆனால் பழக்கம் யாரை விட்டது? ஒன்பது பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போன நாக்கு அந்த ஓட்டத்திலேயே பத்தாவதையும் சொல்லிவிட்டது.

"பொம்மக்கா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கை அப்படியே ரிஜிஸ்டர் மேல் நின்றுவிட்டது. தமிழ்ப் பக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எதனாலோ அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தன. அப்போது பதில் வந்தது. வால் நீட்டி, அதே மாதிரி.

செங்கம்மாள் நிமிர்ந்து ஒன்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்பது வாயும் மூடியிருந்தன. யார் சொன்னது என்று கேட்டாள். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பக்கத்தில் உட்காருகிற ராசாத்தியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அது பயந்துபோய் நான் இல்லை அத்தை என்று அழுதது.

மனப்பிரமை என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்து வேலிக்கு அடுத்த வீடு கெங்கையன் வீடு. வேலியோரம் பொம்மக்காவின் அம்மா நாகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தவள், இப்போது வேலியின் இரண்டு குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். செங்கம்மாளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"நீ கூப்புட்டது கேட்டுச்சு. வந்துட்டாளா?" என்றாள்.

செங்கம்மாள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை மதினி, வாய் தவறிவிட்டது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். வெளியூர் டீச்சராக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இவளோ அந்தத் தெருப் பெண். மதினி எழுந்து நின்றதே பெரிது என்று ஒரு பக்கம் பாசம். மதினி வாயைத் திறந்தால் பெயரை அடிக்காதது ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று இன்னொரு பக்கம் பயம். எது முந்தியது என்று அவளுக்கே தெரியாது, இன்றுவரைக்கும் தெரியாது.

"வந்துட்டா மதினி," என்றாள்.

அன்று மத்தியானம் நாகம்மாள் சாப்பிட்டாள் என்று தெருவே சந்தோஷப்பட்டது. மறுநாள் காலை அவள் பொம்மக்காவின் சிலேட்டைக் கழுவிக் கொண்டுவந்து செங்கம்மாளிடம் கொடுத்தாள். மறந்துவிட்டுப் போய்விட்டாளாம். அதற்கடுத்த நாள் மத்தியான உணவுக்குத் தட்டு வந்தது. பிறகு தலைக்கு வைக்கக் கனகாம்பரம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வேலியோரம் நின்று, இன்றைக்கு என்ன படித்தாள் என்று கேட்பாள். செங்கம்மாளும் சொல்லத் தொடங்கினாள். இன்றைக்கு மாட்டைப் பற்றி ஒரு பாடம். இன்றைக்குக் கழித்தல் கணக்கு. நாகம்மாள் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உள்ளே போவாள்.

ஆகஸ்டு கணக்கு போயிற்று. பத்து என்றே போயிற்று. இனிப் பெயரை அடித்துவிடலாமா என்று அவள் கேட்டபோது இன்னாசி, இப்போது அடித்தால் ஒரே மாதத்தில் எப்படிக் குறைந்தது என்று மேலே கேட்பார்கள், தை மாதம் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்றார். கேட்டதென்னவோ கேட்டாள்; அவர் வேண்டாம் என்றதும் அவள் நெஞ்சு லேசானது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தினமும் காலையில் பத்தாவது பெயரையும் வாய்விட்டே கூப்பிட வேண்டியிருந்தது. வேலியோரம் ஒருத்தி காத்திருக்கிறாளே. முதல் நாள் போலத் தினமும் பதில் வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் வரும், சில வாரம் வராது. வராத நாளில் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. வந்த நாளிலோ கோடு கோணலாக விழும். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வரிசையின் கடைசியில் ஒரு ஆள் இடம் விட்டு உட்காரப் பழகியிருந்தார்கள். நெருங்கி உட்காருங்கள் என்று அதட்டினால் நெருங்குவார்கள், அவள் திரும்பி வருவதற்குள் அந்த இடம் மறுபடி காலியாகிவிடும்.

அரைப் பரீட்சை வந்தது. ரிஜிஸ்டரில் பெயர் இருந்தால் மார்க்கும் இருக்க வேண்டுமே. செங்கம்மாள் யோசித்து, சந்தேகம் வராமலிருக்க, தெலுங்குக்கு நல்ல மார்க்கும் கணக்குக்குக் குறைந்த மார்க்கும் போட்டாள். அதைக் கேட்டு நாகம்மாளுக்கு ஒரே வருத்தம். வீட்டில் நான் சொல்லிக்கொடுக்கிறேன், நீயும் கொஞ்சம் காதைத் திருகிக் கற்றுக்கொடு, செல்லம் கொடுத்துக் கெடுக்காதே என்று டீச்சரைக் கண்டித்துவிட்டுப் போனாள். செங்கம்மாள் வகுப்புக்குள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

மார்கழிக் கடைசியில் கெங்கையன் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அந்தத் தெருவில் வயதுக்கு வராத பெண் இறந்தால் தை வெள்ளிக்கிழமை கன்னியாக ஏற்றிக் கும்பிடுவது வழக்கம். புதுப் பாவாடை, வளையல், பொட்டு, எல்லாம் ஓலைப் பெட்டியில் வைத்து வீட்டு உத்தரத்தில் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு அந்தப் பிள்ளை வீட்டுத் தெய்வம். அலையாமல் ஓரிடத்தில் இருக்கும். கெங்கையன் பாவாடை எடுத்து வந்திருந்தார். நாகம்மாள் அதைப் பெட்டியில் வைக்க விடவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எந்தப் பாவி கன்னியாக்குவான் என்று அவர் மேலேயே பாய்ந்தாளாம்.

"பேரை அடிச்சிரும்மா," என்றார் கெங்கையன். "நீ கூப்புடுற வரைக்கும் அவ விடமாட்டா. எம்புள்ள வீட்டுக்கும் இல்லாம காட்டுக்கும் இல்லாம நிக்கிது."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்ண்ணே."

"செத்த புள்ளைக்கு என்னாத்தா இன்ஸ்பெக்‌ஷன்?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் பத்து நாள்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் வருவதாக டெபுடி இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. இன்னாசி அதற்கும் வழி வைத்திருந்தார். அதிகாரிக்குத் தெலுங்கு தெரியாது, ஊரும் புதிது. தமிழ்ப் பக்கத்தில் அதே வயதில் முனியாயி என்று ஒரு சுட்டிப் பெண் இருந்தாள். அவளை இந்தப் பக்கம் உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டதும் ஒரு சொல் சொல்லச் சொன்னால் தீர்ந்தது. முனியாயி அந்தச் சொல்லை அரை நிமிஷத்தில் கற்றுக்கொண்டாள். ஆனால் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அது அவ இடம் டீச்சர் என்றாள். யார் என்று செங்கம்மாள் கேட்கவில்லை. ராசாத்திக்கு இந்தப் பக்கம் இடம் பண்ணி முனியாயியை உட்காரவைத்தாள். காலி இடம் காலியாகவே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து, ரிஜிஸ்டரைத் தாமே வாங்கிப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றும் எழுந்து "உன்னானு" என்றன. அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் புன்னகை செய்தார். ஒன்பது ஆயிற்று.

"பொம்மக்கா."

முனியாயி எழுந்தாள். வாயைத் திறந்தவள், தலையைத் திருப்பிக் காலி இடத்தைப் பார்த்தாள். பார்த்தவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இன்னாசி பின்னாலிருந்து ஜாடை காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்போது ஜன்னலில் நாகம்மாளின் குரல் கேட்டது. புதுப் பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெரிய அதிகாரி வருகிற நாளில் பிள்ளை நல்ல உடுப்பில் இருக்க வேண்டாமா, அதற்காக எடுத்து வந்திருந்தாள். காலி இடத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஐயா கூப்புடுறாருல்ல. சொல்லு ஆத்தா."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். அழுதுகொண்டு நிற்கும் முனியாயியைக் காட்டி, இது உன் பெண்ணா அம்மா என்று கேட்டார். நாகம்மாள் முனியாயியைப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"இல்லீங்க. எம்பொண்ணு எங்க இருக்கான்னு டீச்சருக்குத்தாங்க தெரியும். அதுதான் தெனம் கூப்புடுது. டீச்சரையே கேளுங்க."

எல்லாரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள். இன்னாசி அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் நெற்றியைத் தொட்டு விரலைச் சுழற்றிக் காட்டினார். இந்த அம்மாவுக்குச் சித்தம் சரியில்லை சார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். அதிகாரி நம்பிவிடுவார். தலைவிரி கோலமாக ஜன்னலில் நிற்கிறவளை நம்புவாரா, வெள்ளைப் புடவை கட்டிய டீச்சரை நம்புவாரா? வேலை நிலைக்கும். சாவி இடுப்பிலேயே இருக்கும். நாளைக்கும் பெயர் கூப்பிடலாம்.

செங்கம்மாள் மதினியின் கையிலிருந்த பாவாடையைப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கான அளவு. அடுத்த வருஷமும் அதே அளவுதான். அதற்கடுத்த வருஷமும்.

"செத்துப்போச்சுங்க," என்றாள். "ஆவணியில செத்துப்போச்சு. நான்தான் பேரை அடிக்கல."

இன்னாசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாகம்மாள் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்ததைச் செங்கம்மாள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அந்த ஐந்து மாதத்தில் ஒருத்தராவது அவளிடம் இதை இப்படி நேராகச் சொல்லியிருந்தார்களா? புருஷன் கெஞ்சினார், தெருக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். செங்கம்மாள் சொல்லித்தான் அவள் காதில் விழுந்தது. அவள் கத்தவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப தெனமும் யாரைக் கூப்புட்டே?"

இன்ஸ்பெக்டர் கெட்டவரல்ல. திட்டவில்லை, போலீஸ், கேஸ் என்று மிரட்டவும் இல்லை. சிவப்பு மை வாங்கித் தாமே பத்தாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். கீழே ஒன்பது என்று எழுதினார். இன்னாசிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, அவர் அதையும் எப்படியோ பூசி மெழுகித் தப்பித்துக்கொண்டார். தெலுங்கு வகுப்பு அந்த மாதக் கடைசியோடு ரத்து. செங்கம்மாளுக்கு விடுவிப்பு உத்தரவு. பிள்ளைகளைத் தமிழ்ப் பக்கம் நகர்த்தி உட்காரவைத்தார்கள்.

அதற்குள் ஒரு தை வெள்ளி வந்துவிட்டது. கன்னிக்குப் பெட்டி கட்டுவதற்குச் செங்கம்மாளை யாரும் அழைக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் நாகம்மாளே வந்து வாசலில் நின்றாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால், பிள்ளைக்குப் பழகின குரல் ஒன்று அதன் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்று தடவையும் பதில் இல்லை என்றால்தான் பிள்ளை தெய்வத்தோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"நீதான் கூப்புடணும்," என்றாள். "ஒன் குரல்தான் அவளுக்குப் பழக்கம்." அதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் செங்கம்மாளை அறுத்தது.

பெட்டிக்குள் பாவாடையும் வளையலும் சிலேட்டும் இருந்தன. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. தெருவே கூடியிருந்தது. அந்த ஒன்பது பிள்ளைகளும் முன்னால் நின்றார்கள். செங்கம்மாள் வகுப்பில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள், அவளுக்கு வேறு மாதிரி வரவில்லை. ஒரு தடவை. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. ஒரு சத்தமும் இல்லை. கெங்கையன் பெட்டியை மூடினார். நாகம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு ஓவென்று அழுதாள். ஆவணியில் அழவேண்டிய அழுகை. பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

செங்கம்மாள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான்காம் தடவை கூப்பிட வாய் துடித்தது.

மாதக் கடைசிக்கு மறுநாள் காலையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்தாள். பஸ் நிற்பது பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது உள்ளே இன்னாசி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்ப் பிள்ளைகள் முடிந்து அவளுடைய பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் "உள்ளேன் ஐயா" என்றது. ஒன்பது வரைக்கும் எண்ணினாள். ஒன்பதோடு இன்னாசி ரிஜிஸ்டரை மூடிவிட்டார்.

பஸ் நகர்ந்தது. பத்தாவது பெயருக்கு அவள் உதடு அசைந்தது, அவ்வளவுதான், சத்தம்கூட வரவில்லை.

உடனே அவள் ஜன்னலை ஒட்டி நெருங்கி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். கறம்பக்குடி தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் நல்ல கூட்டம். எத்தனையோ பேர் நின்றுகொண்டு வந்தார்கள், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் வந்து, மணப்பாறைக்கு எத்தனை டிக்கெட் அம்மா என்று கேட்டார். பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது.